மூன்றடிக்குக் கீழே பாறை

குரோம்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி அஸ்தினாபுரம் பக்கமாக எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர் தேவானந்தம் சைக்கிளைத் திருப்பியபோது மணி ஆறு. 1971ஆம் வருஷத்து மே மாதம். செம்மண் பாதையின் இரு பக்கமும் மனைகளுக்குக் கல் நட்டிருந்தார்கள். வீடுகள் இன்னும் வரவில்லை. நாளெல்லாம் வெயில் குடித்த குன்று, இப்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. குன்றின் அடியில், புங்க மரங்களுக்கு நடுவே எட்மண்டின் பங்களா.

எட்மண்ட் ஒரு கப்பல் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரை விட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கிய வீடு அது. அந்தச் சுற்று வட்டாரத்தில் நீச்சல் குளம் உள்ள வீடு அது ஒன்றுதான். ஒரு வருஷம் வறண்டு கிடந்த குளத்தில் இப்போது கிணற்று நீர் ததும்பியது.

"வாங்க மிஸ்டர் தேவானந்தம். டீ சாப்பிடறீங்களா?"

"வேலையை முடிச்சிடறேன் சார்."

"வேலை என்ன பெரிய வேலை." எட்மண்ட் கையில் ஒரு பழைய தாள் இருந்தது. "போன வருஷம் நீங்க குடுத்த டெஸ்ட் ரிப்போர்ட். எதையும் மாத்தலை. அதே லைட், அதே வயர். இதைப் பார்த்து அப்படியே எழுதிக் குடுத்தாப் போதும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சண்டே ஸ்கூல் பசங்க வராங்க, இருபத்தாறு பேர். தண்ணிக்குள்ள லைட் எரியும், பசங்க குளிப்பாங்க, பாட்டுப் பாடுவாங்கன்னு சர்ச் ஐயர்கிட்ட சொல்லிட்டேன்."

அந்தக் குளத்தில் ஒரு சாவு விழுந்திருந்தது. அதனால் புது ரிப்போர்ட் இல்லாமல் விளக்கைப் போடக்கூடாது என்று மின்வாரிய ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.

"ஒரு தடவை அளந்து பார்த்துடறேன் சார்."

எட்மண்ட் சிரித்தார். "போன வருஷம் நல்லா இருந்தது இந்த வருஷம் எப்படிக் கெட்டுப் போகும்? கெட்டுப் போயிருக்குன்னு நீங்க எழுதினா, போன வருஷம் எழுதினது என்னன்னு கேப்பாங்க."

அவர் மிரட்டவில்லை. நடக்கப்போவதைச் சொன்னார், அவ்வளவுதான். தேவானந்தம் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார். கையெழுத்துப் போட்டால் இருபத்தாறு பிள்ளைகள் அந்த நீரில் இறங்குவார்கள். போடாவிட்டால் அவருடைய வயர்மேன் குப்புராஜ் போன வருஷம் அதில் எப்படிச் செத்தான் என்ற கேள்வி எழும். லைசென்ஸ் போவது அதற்கு அப்புறம் வரும் சங்கதி.

குளத்துக்குப் பின்னால் சுவரில் பதித்த பெட்டியைத் திறந்து, விளக்குக்குப் போகும் இரண்டு ஃபியூஸ் கேரியர்களையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஃபியூஸ் தன் பையில் இருக்கும்வரை தெரியாமல் யாரும் கரண்ட் கொடுத்துவிட முடியாது. பீங்கான் கட்டைகள் நெஞ்சின் மேல் குளிர்ச்சியாக உட்கார்ந்தன.

அப்போதுதான் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

சுவரோரம் எர்த் குழியின் அருகே ஒரு பெண் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். எல்லம்மா. குப்புராஜின் மனைவி. அவன் போன பிறகு எட்மண்ட் வீட்டில் பாத்திரம் தேய்த்து, செடிக்குத் தண்ணீர் விடும் வேலை.

"இன்னா சார், நல்லா கீறியா?" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. "வூட்டுல அம்மா சொகமா?"

"இருக்காங்க எல்லம்மா. இந்தக் குழிக்கு யார் தண்ணி ஊத்தச் சொன்னது?"

"அவருதான்."

"எட்மண்ட் சாரா?"

"இல்ல சார். எங்க வூட்டுக்காரரு." இன்னொரு வாளியை எடுத்தாள். அதன் அடியில் கல்லுப்பு கரையாமல் கிடந்தது. "கனவுல வந்துகினே கீறாரு. தொண்ட வறளுது, ரெண்டு வாளி ஊத்துன்றாரு. அவரு உயிரோட இருந்தப்ப உப்பு கரைச்சி ஊத்தினத பாத்துக்கீறேன். அதான் நானும் ஊத்தறேன். ஒரு வருசமா டெய்லி ஊத்தறேன், மண்ணு நனைய மாட்டேங்குது."

உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னது யார் என்று தேவானந்தத்துக்குத் தெரியும்.

தண்ணீருக்குள் எரியும் விளக்குக்குச் சின்ன மின்சாரம்தான் போக வேண்டும். அதற்காக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. போன வருஷம் அது எரிந்துபோனபோது, "டைரக்டாவே குடுங்க, வெளிச்சமாவது நல்லா வரும்" என்றார் எட்மண்ட். கொடுத்தார்கள். அதன் பிறகு நீரில் இருப்பவனைக் காப்பாற்ற மிச்சம் இருந்தது எர்த் ஒன்றுதான். கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் இழுத்துப் போய், ஃபியூஸைப் போக்கிவிட வேண்டும். குழி எட்டடியாவது இருக்க வேண்டும். மூன்றடியில் பாறை வந்தது. வேறு இடம் பார்க்க இன்னும் இரண்டு நாள் ஆகும். தேவானந்தம் தோண்டுவதை நிறுத்தச் சொன்னார். அளக்கும் அன்று, "குப்பு, ரெண்டு வாளி உப்புத் தண்ணி ஊத்துடா" என்றார். எண் குறைந்தால் எர்த் நல்லது; ஈரத்தில் முள் இறங்கியது. அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் அளந்தார்கள்.

பத்து நாள் கழித்து எட்மண்ட் வீட்டில் ஒரு விருந்து. விளக்கின் கண்ணாடியில் பாசி படிந்து வெளிச்சம் மங்கியது. விளக்கு எரியும்போதே துடைத்தால்தான் எங்கே அழுக்கு என்று தெரியும். குப்புராஜ் அரை டிராயரோடு படியில் நின்று கேட்டான்.

"சார், எர்த்து நல்லாதானே கீது?"

விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்ற தேவானந்தம், "அதான் கையெழுத்துப் போட்டிருக்கேன்ல" என்றார்.

அவன் முங்கினான். சத்தம் எதுவும் இல்லை. விளக்கு ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை. தேவானந்தத்துக்கு அதுவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. எர்த் நன்றாக இருந்திருந்தால் ஃபியூஸ் அந்தக் கணமே போயிருக்கும்.

குடித்துவிட்டு முழுகிப் போனான் என்று போலீஸில் எழுதினார்கள். அவர் மறுக்கவில்லை.

"அந்தாளு அத மோந்துகூட பாத்ததில்ல சார்," என்றாள் எல்லம்மா, அவர் மனத்துக்குள் ஓடியதைக் கேட்டவள் போல. இரண்டாவது வாளியைக் கவிழ்த்தாள்.

தண்ணீர் மண்ணில் பரவவில்லை. நேராக உள்ளே போனது. மடக், மடக் என்று ஒரு சத்தம். நீண்ட தாகத்தோடு ஒருவன் சொம்பை அண்ணாந்து குடிக்கும் சத்தம்.

அவர் மீட்டரை எடுத்தார். இரண்டு கம்பிகளை மண்ணில் அடித்து, ஒயர் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். முப்பத்தெட்டு. சாகடிக்கும் எண்.

"இன்னும் ரெண்டு ஊத்தட்டா சார்? அன்னிக்கும் நீ அளக்கறதுக்கு முன்னாலதானே அவரு ஊத்தினாரு."

அவளுக்குத் தெரிந்து கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா? முகத்தைப் பார்த்தார். மங்கல் வெளிச்சத்தில் அதில் எதுவும் படிக்க முடியவில்லை.

"ஊத்து," என்றார்.

ஊற்றினாள். இந்தத் தடவை தண்ணீர் நின்றது. குழிக்குள் போட்டிருந்த உப்பும் கரியும் கலந்த வாடை எழுந்தது. கைப்பிடியைச் சுற்ற, முள் சரசரவென்று இறங்கி இரண்டில் நின்றது. அழகான எண். யாரும் கேள்வி கேட்க முடியாத எண்.

குளத்துக் கரையில் உட்கார்ந்து ரிப்போர்ட் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார். பகலில் நீருக்கடியில் எரியும் விளக்கு கண்ணுக்குத் தெரியாது. அதனால் இந்த மாதிரிச் சோதனைகளை எப்போதும் இருட்டும் நேரத்தில்தான் முடிப்பார்கள். சூரியன் குன்றுக்குப் பின்னால் போயிருந்தது. புங்க மரங்களில் காகங்கள் அடங்கிவிட்டன. தூரத்தில் தாம்பரம் போகும் மின்சார ரயில் ஒரு பெருமூச்சைப் போலக் கடந்து போனது.

'இரண்டு' என்று எழுதினார்.

தாள் லேசாகப் பச்சையானது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. தலையை உயர்த்தினார். குளத்தின் எதிர்ச் சுவரில், இடுப்பளவு ஆழத்தில், விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு ஃபியூஸ் கேரியர்களும் அங்கேதான் இருந்தன.

சுட்டன.

விளக்கின் கண்ணாடி முழுக்கப் பாசி. இன்று காலையில் நிரப்பிய குளத்தில் ஒரு வருஷத்துப் பாசி. அதன் வழியே கசிந்த வெளிச்சம் நீரில் புகையாகப் பரவியது.

பிறகு கண்ணாடியின் இடது ஓரத்தில் ஒரு கோடு தெளிந்தது.

கோடு வளைந்து மேலே போனது. இறங்கியது. மறுபடி வளைந்தது. குப்புராஜ் எந்தக் கண்ணாடியையும் அப்படித்தான் துடைப்பான், உள்ளங்கையால், அரை வட்டம் அரை வட்டமாக.

அங்கே கை எதுவும் இல்லை.

துடைக்கத் துடைக்க வெளிச்சம் வெள்ளையாகிக்கொண்டே வந்தது. நீர் அசையவில்லை. குளத்தின் விளிம்பில் வைத்திருந்த அவர் பாதத்தில் ஈரம் பட்டது. அதோடு விரல் நுனியிலிருந்து முழங்கால் வரை எறும்பு ஊர்வது போன்ற ஒரு நடுக்கம். முப்பது வருஷத் தொழிலில் அவருக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். காலை இழுத்துக்கொள்ள முயன்றார். கால் வரவில்லை.

படியின் பக்கமிருந்து, நீருக்கு வெகு அருகில், ஒரு குரல் கேட்டது. பணிவான குரல். வேலை முடியும் நேரத்தில் முதலாளியைத் தொந்தரவு செய்யத் தயங்கும் குரல்.

"சார்."

"எர்த்து நல்லாதானே கீது?"

நடுக்கம் இடுப்புக்கு ஏறியது. மடியில் இருந்த தாளில் அந்த 'இரண்டு' இன்னும் காயவில்லை. அதே பதிலைச் சொல்லலாம். அது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஒரு வருஷமாக அங்கேயேதான் இருந்தது.

"இல்ல, குப்பு," என்றார். "நல்லா இல்ல. அன்னிக்கும் நல்லா இல்ல. எனக்குத் தெரியும்."

விளக்கு அணைந்தது.

கால் விடுபட்டது. அவர் பின்னால் சாய்ந்து விழுந்தார். எழுந்தபோது எல்லம்மா காலி வாளியோடு இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"நீ குடிக்கல, குடிக்கலன்னு நான் எத்தினி வாட்டி சொன்னேன்," என்றாள், அவரைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்து. "நீ என்னாண்ட கேக்கல. இந்தாளாண்டதான் கேட்டுகினு இருந்திருக்க." வாளியைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். பிறகு நின்று, "இத எழுதுவியா சார்? இல்ல, வாய்ல சொல்றதோட சரியா?" என்றாள்.

அவர் 'இரண்டை' அடித்தார். 'முப்பத்தெட்டு' என்று எழுதினார். குழி மூன்றடிதான், கீழே பாறை, டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, சென்ற வருஷ ரிப்போர்ட்டில் உள்ள அளவு உப்புத் தண்ணீர் ஊற்றி எடுத்தது, இந்த விளக்கு எரியும்போது யாரும் நீரில் இறங்கக்கூடாது, குப்புராஜ் குடித்திருக்கவில்லை. கடைசி வரியை எழுத ரிப்போர்ட்டில் இடம் இல்லை. ஓரத்தில் எழுதினார்.

எட்மண்ட் அதை வாசல் விளக்கின் கீழ் வைத்து இரண்டு தடவை படித்தார்.

"இதைக் குடுத்தீங்கன்னா உங்களைச் சும்மா விடமாட்டாங்க. என்னையும்தான்."

"தெரியும் சார்."

"குடிச்சிருந்தான்னு போலீஸ்ல நான்தான் சொன்னேன்." எட்மண்டின் குரல் திடீரென்று கிழட்டுக் குரலாகியிருந்தது. "வேற யாரையாவது வெச்சுக் கையெழுத்து வாங்கிக்க எனக்கு ஒரு நாள் ஆகாது, மிஸ்டர் தேவானந்தம்."

"வாங்கலாம் சார். ஞாயித்துக்கிழமை பசங்களுக்கு முன்னால நீங்க முதல்ல இறங்கணும், அவ்வளவுதான்."

எட்மண்ட் குளத்தைப் பார்த்தார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோட்டக்காரனைக் கூப்பிட்டு மதகைத் திறக்கச் சொன்னார். தேவானந்தம் சைக்கிளில் ஏறும்போது, குளம் வடியும் சத்தம் பாதை வரை கேட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மின்வாரிய ஆபீஸில் கூட்டம் இல்லை. மேஜைக்குப் பின்னால் ரத்தினபாய் அம்மாள், இருபது வருஷமாக அதே நாற்காலியில் இருப்பவர், தேவானந்தத்தின் ரிப்போர்ட்டை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். ஓரத்தில் எழுதியதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"யோசிச்சுத்தானே குடுக்கறீங்க?"

"யோசிச்சுத்தான்மா."

"சரி. ஃபாரம் சரியாத்தான் இருக்கு. ஆனா வயர்மேன் கையெழுத்து இப்படி ஈரமா இருக்கே, ஒத்தி எடுத்துட்டு வரக்கூடாதா?"

தேவானந்தம் தாளை வாங்கினார். நேற்று அவர் தனியாகத்தான் போயிருந்தார். வயர்மேன் கையெழுத்துப் போடும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்.

அங்கே 'குப்பு' என்று தமிழில் எழுதி, அடியில் வால் போல ஒரு கோடு இழுத்திருந்தது. சுற்றிலும் தாள் நீரில் ஊறிப் புடைத்திருந்தது.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?"

அவர் பையிலிருந்து ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்தார். அடுத்த தாளைத் திருப்பினார். எதுவும் எழுதாத புதுத் தாள். இடம் இல்லை, தேதி இல்லை, அளவு இல்லை. வயர்மேன் இடத்தில் மட்டும் கையெழுத்து. அதற்கடுத்த தாளிலும். அதற்கடுத்ததிலும். இன்னும் அவர் போகாத வீடுகள், இன்னும் அவர் அளக்காத குழிகள்.

கடைசித் தாளுக்கு வந்தார்.

'குப்பு' என்று இருந்தது. அடியில் கோடு இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இடமிருந்து வலமாக, அது நிதானமாக வந்து முடிந்தது.