ஒரு பனை உயரத்து மீன்கூட்டம்

வைகாசி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெயில் காஞ்சிபுரத்தை வாணலியில் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது. பட்டு வேக வைக்கும் வேலை முடித்து, கையெல்லாம் சவுக்காரமும் பட்டுப்பசையும் நாற, கைலாசம் கலியாணசுந்தரம் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு முன்பே வாசலில் ஒருத்தி நின்றிருந்தாள். சின்ன காஞ்சிபுரத்துத் தறிக்காரி தையல்நாயகி.

கலியாணசுந்தரம் சர்வே இலாகாவில் காடு மேடெல்லாம் அளந்து ஓய்ந்தவர். ஊரில் காணாமல் போனது எதுவானாலும் அவரிடம் வந்து சொல்வார்கள். அவருக்குக் காலும் கையுமாகக் கைலாசம் இருந்தான்.

"அய்யா, இருட்டறதுக்குள்ள என்னை ஸ்டேசனுக்கு இட்டுக்கினு போயிடுவாங்க," என்றாள் அவள். "மொதலாளி வூட்டுத் தறியில நான் நெய்து அறுத்துக் குடுத்த புடவை பெட்டியில இல்லையாம். கோயிலுக்கு நேர்ந்துக்கினவங்க சொல்லி நெய்த புடவை. இன்னைக்கு விடியறதுக்கு முன்ன நான் மூட்டையோட போனதை மூணு பேர் பார்த்தாங்களாம்."

"அப்ப எங்கே இருந்தேம்மா?"

"வூட்ல தூங்கிக்கினு இருந்தேன். தனியா கெடக்கறவ தூக்கத்துக்கு சாட்சிக்கு எங்க போவேன்?"

கலியாணசுந்தரம் குடையை எடுத்தார்.

முதலாளி கோதண்டபாணி கூடத்தில் விசிறியும் கையுமாக வியர்த்துக்கொண்டிருந்தார். "வாங்க. பாழாப்போன அக்னி நட்சத்திரம், உயிரை எடுக்குது," என்றார். கொல்லைப் பக்கமிருந்து தலைமயிர் பொசுங்கின நாற்றம் வந்தது. கைலாசம் துண்டால் மூக்கை மூடிக்கொண்டான். "பெருச்சாளி ஒண்ணு செத்துக் கெடந்துது. கொளுத்தினோம்," என்றார் முதலாளி, கேட்காமலே.

"புடவையில் என்ன வேலைப்பாடு?"

"உடம்பு பூரா புட்டா. ஆறு ஆறா ஜரிகைப் பொட்டு, கொத்துக் கொத்தா."

தறியில், அறுத்த பாவின் நுனியில், நாலைந்து ஜரிகை இழை தொங்கியது. கைலாசம் தேய்த்துப் பார்த்தான். விரலில் பச்சையாக ஒட்டியது. "பாசிபுடிச்சிருக்குதுய்யா," என்றான். கலியாணசுந்தரம் அந்த விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

சாட்சிகளைக் கைலாசம் போய்ப் பார்த்தான். தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றும் ஜெயம்மாள் தெலுங்குக்காரி, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னாள்: "பிள்ளலகோடி கிழக்கால ஒரு பனை ஒசரம் ஏறியிருந்துது. அதாம்பா, கோழியும் குஞ்சும்ன்ற வெள்ளி. அப்பத்தான் மூட்டையோட போச்சு." கோயில் மடப்பள்ளி ஐயர் கிருஷ்ணஸ்வாமி, "நான் ஸ்நானத்துக்குக் கிளம்பறேன், கிருத்திகை ஒரு பனை உசரத்துல இருந்தது. கண்ணால பார்த்தேன்," என்றார்.

மூன்றாவது சாட்சி முரளீதரன் வாத்தியார். கைலாசத்துக்கு அவனுடைய நாற்பதாவது வயதில் எழுத்தறிவித்தவர் அவர்தான். அவர் வாயிலிருந்து பொய் வராது என்று நம்பித்தான் போனான். "கீழ்வானில் ஆரல் விண்மீன் ஒரு பனை உயரம் எழுந்திருந்தது, கைலாசம்," என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

திரும்பி வரும்போது கைலாசத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அய்யா, மாட்டிக்கினாங்க. ஒருத்தர் கோழின்றாங்க, ஒருத்தர் கிருத்திகைன்றாங்க, வாத்தியார் ஆரல்ன்றார். மூணு பேரும் மூணு வெள்ளியைச் சொல்றாங்க. நேரம் ஒத்துக்கலை. பொய்யி."

"பொய்தான் கைலாசம். ஒத்துக்காததால இல்லை. ரொம்ப ஒத்துப்போறதால." அவர் நின்றார். "நீ பின்பக்கமாப் போய் அந்தப் பெருச்சாளிச் சாம்பலைச் சலி. எலும்பு இருக்குதான்னு பார்."

சாயங்காலம் முதலாளி கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். சப் இன்ஸ்பெக்டர் நாற்காலியில், தையல்நாயகி தூணோரம். அவளைப் பார்க்காமல் இருக்க மூன்று சாட்சிகளும் மூன்று சுவரைப் பார்த்தார்கள்.

கலியாணசுந்தரம் மெதுவாகத் தொடங்கினார். "வாத்தியாரே, நிகண்டு உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆரலுக்கு வேறு பேர் என்னென்ன?"

வாத்தியாருக்குப் பாடம் என்றால் பெருமை. கண்ணை மூடிக்கொண்டார். "அறுமீன், அளகு, நாவிதன், அங்கி..."

"அளகு என்றால்?"

"கோழிப் பேடு."

ஜெயம்மாள் வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள்.

"அங்கி என்றால்?"

"அக்..." வாத்தியார் கண்ணைத் திறந்தார்.

"அக்னி," என்று முடித்தார் கலியாணசுந்தரம். "ஐயர் சொன்ன கிருத்திகை, இந்தம்மா சொன்ன கோழி, நீங்க சொன்ன ஆரல், எல்லாம் ஒரே ஆறு மீன். பாஷைதான் வேற. அக்னிக்கு உரிய அந்தக் கூட்டத்துமேல சூரியன் வந்து நிற்கிற நாள்களைத்தான் அக்னி நட்சத்திரம்னு சொல்றோம். காலையில மொதலாளிகூடத் திட்டினார். இந்த நாளில் அது சூரியனோடவே எழுந்து சூரியனோடவே விழும். எங்கே போய்த் தேடினாலும் கண்ணுக்கு ஆப்படாது. அதை மூணு பேர் பார்த்திருக்கீங்க, அதுவும் ஒரே பனை உயரத்தில்."

விசிறி நின்றது.

"ஒருத்தர் தப்பாச் சொன்னால் கண் மயக்கம். மூணு பேருக்கும் ஒரே மயக்கம்னா, ஊட்டின கை ஒண்ணு. ஊட்டினவர் வானத்தை அண்ணாந்து பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் ஆறு பொட்டுப் புட்டா. பட்டுல போட்ட மீன் பன்னிரண்டு மாசமும் மின்னும்."

"இது என்ன கதை?" என்றார் கோதண்டபாணி.

"கதையே வேண்டாம். நாளைக்கு விடியக்காலம் செவிலிமேட்டு ஆத்து மணல்ல எல்லாரும் நிற்போம். மூணு பேரும் கையை நீட்டி, இதுதான்னு இன்ஸ்பெக்டருக்குக் காட்டிடுங்க."

ஜெயம்மாள்தான் முதலில் அழுதாள். "சொல்லச் சொன்னாங்கபா. சொல்லலைன்னா தார் சுத்தற வேலை இல்லைன்னாங்க."

"சொல்லச் சொன்னா, சொன்னேன்," என்றார் கிருஷ்ணஸ்வாமி. "வருஷா வருஷம் வேஷ்டி குடுக்கற மனுஷன்."

வாத்தியார் தலை குனிந்தபடி, "சொல்லச் சொன்னார்கள்," என்றார். அப்போதும் எழுத்துச் சுத்தமாக.

ஒரு மீன்கூட்டத்துக்கு ஆளுக்கொரு பேர் சொன்னவர்கள், செய்த காரியத்துக்கு ஒரே வார்த்தையைத்தான் வைத்திருந்தார்கள். கைலாசம் முன்னால் வந்தான். மடியில் கட்டியிருந்ததைத் தரையில் கொட்டினான். சாம்பலில் எலும்பு ஒன்றுகூட இல்லை. கருகிச் சுருண்ட கம்பிதான் கொத்தாக இருந்தது.

கலியாணசுந்தரம் ஒரு கொத்தை எடுத்துக் கல்லில் தேய்த்தார். செம்பு சிவப்பாகப் பல்லிளித்தது. "பட்டு எரிஞ்சா மயிர் பொசுங்கின நாற்றம் அடிக்கும். நல்ல ஜரிகை எரிஞ்சா வெள்ளி மிஞ்சும். தறியில கைலாசம் பார்த்தது பாசி இல்லை, செம்புக் களிம்பு. மொதலாளி கோயில் புடவைக்குப் போலி ஜரிகை போட்டார். கல்லுல உரைச்சுப் பார்த்துடுவாங்கன்னு பயம் வந்தது. புடவையை எரிச்சுட்டு, திருட்டை நாதியில்லாத ஒருத்தி தலையில கட்டினார்."

சப் இன்ஸ்பெக்டர் எழுந்தார். கோதண்டபாணி வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் போனார். போகும்போதும், "வெயிலு தாங்கலை," என்று முனகிக்கொண்டே போனார்.

தையல்நாயகி தூணை விட்டு வந்தாள். ஜெயம்மாள் அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவள் கையை உதறிக்கொண்டு, கிணற்றடியில் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கலியாணசுந்தரத்தைக் கும்பிட்டாள். திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினாள்.

வாத்தியார் மட்டும் தயங்கிக் கைலாசத்தின் பக்கத்தில் வந்தார். "இது நாலு பேருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளப்பா. என்ன இருந்தாலும் உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன்."

"ஆமாங்க. ஒரு பொருளுக்குப் பத்துப் பேர் சொல்லிக் குடுத்தீங்க," என்றான் கைலாசம். "இன்னைக்கு நீங்க பண்ணதுக்கு ஒரு பேரும் எனக்கு ஆப்பட மாட்டேங்குது வாத்தியாரே."

அவர் போனபின் கைலாசம் கிணற்றில் நீர் இறைத்துக் கையைத் தேய்த்துக் கழுவினான். பட்டுப்பசை போயிற்று. சாம்பல் நாற்றம் மட்டும் போகவில்லை.