மங்கம்மா போட்ட ஓட்டு

நீலக் கோலப்பொடியைக் கிள்ளி எடுத்து, தரையில் வரைந்த பெரிய விரலின் நகத்தில் தூவிக்கொண்டிருந்தாள் ஹெப்சிபா. அந்த நகத்தின் மேல்தான் டி.வி.எஸ். வண்டி ஏறியது… ஏறி, 'என் வாக்கு என் உரிமை' என்ற எழுத்துகளையும் இழுத்துக்கொண்டு போய் நாலடி தள்ளி நின்றது.

வண்டியின் பின்னால் மீன் கூடை. ஓட்டி வந்தவன் திரும்பிப் பார்த்தான். மன்னிப்புக் கேட்கிற முகமாக அது இல்லை.

"இன்னா மேடம், ரோட்டுல படம் வரைஞ்சிகினு கீறீங்க. வண்டி எங்க போவும்?"

"கண்ணு எங்க போச்சு உங்களுக்கு?"

"உங்க மேல போயிடுச்சு. அதான் கோலத்தைப் பார்க்கல."

காலையிலிருந்து இடுப்பு ஒடியக் குனிந்து போட்ட கோலம். எண்ணூர் மாநகராட்சிப் பள்ளியில் அவள் ஆசிரியைதான், அழகான தமிழில்தான் பாடம் நடத்துவாள். ஆனால் ராயபுரத்துப் பெண்ணுக்குக் கோபம் வந்தால் பாடத் தமிழ் எங்கே நிற்கும்?

"த பாரு, வாயி ரொம்ப நீளுது உனக்கு. எறங்கி வந்து ஒயுங்கா சரி பண்ணிட்டுப் போ."

அவன் சிரித்துவிட்டான். "அட… நம்ம ஊரு பாஷை."

வண்டியை நிறுத்திவிட்டு உண்மையிலேயே வந்து குந்தினான். அவன் சிவப்புப் பொடியைக் கையில் எடுத்ததுதான் தாமதம்… ஜனவரி மாதக் கடைசியில், யாரும் கேட்காத ஒரு மழை சடசடவென்று இறங்கியது. ஹெப்சிபா 'ஐயோ' என்று கையைத் தலையில் வைப்பதற்குள் அவன் ஓடிப்போய் கூடையை மூடியிருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்தான். இரண்டு முனை அவன் கையில்… இரண்டு முனை அவள் கையில்… நடுவில் கோலம் பத்திரமாக இருந்தது. மனிதர்கள் இருவரும்தான் நனைந்தார்கள்.

அவனுடைய கண்களை அப்போதுதான் பார்த்தாள். உப்புக் காற்றிலும் தூக்கமில்லாததிலும் சிவந்துபோன கண்கள்… அதற்குள் ஒரு குறும்பு, சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளை மாதிரி. சட்டென்று பார்வையைக் கோலத்துக்குத் திருப்பினாள். 'ஏய் ஹெப்சி, வந்த வேலையைப் பார்' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"உங்க ஓட்டு எங்க, இந்த ஆத்துவாய்க் குப்பத்துலயா?"

"குப்பம்தான். பேரு ஜெகதீசன். ஆனா ஓட்டெல்லாம் இங்க யாரும் போட மாட்டாங்க டீச்சர். கோலம் அழகா கீது, அதுக்காகத்தான் பிடிச்சிகினு நிக்கிறேன்."

கோலத்தை மட்டும் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நின்றாள்.

ஆத்துவாய்க் குப்பத்துக்கென்று தனியாக ஒரு வாக்குச்சாவடி உண்டு. அதற்கு அலுவலராக ஹெப்சிபாவைப் போட்டிருந்தார்கள். வீடு வீடாகப் போக வேண்டும், பேர் சேர்க்க வேண்டும், ஓட்டுப் போடச் சொல்லிப் பேச வேண்டும். போன தேர்தலில் தொகுதியிலேயே குறைவாக ஓட்டு விழுந்த இடம் அதுதான். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் குப்பத்துக்குப் போனாள். போகிற வழியில் ஜெகதீசனின் அம்மா மங்கம்மா மீன் விற்றுக்கொண்டிருப்பாள். அவள் பக்கத்தில், ஏதோ தற்செயலாக நிற்பது போல, அவன் நிற்பான். தற்செயல் தினமும் நடந்தது.

"இன்னா டீச்சர், இன்னைக்கு எத்தினி பேரு கதவ சாத்தினாங்க?"

"எல்லாரும்தான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா திறப்பாங்க."

"நான் எப்டி சொல்றது?" என்று ஒரு நாள் அவன் குரல் மாறியது. "எங்கப்பன் ஒரு எலெக்சன் வுட்டதில்ல. முகத்துவாரத்தை ஆழம் பண்ணித் தர்றேன்னு சொன்னவனுக்கெல்லாம் போட்டாரு. அது வருசா வருசம் மணல் ஏறிகினேதான் போச்சு. கடைசியில அந்த மணல்ல படகு தட்டிக் கவுந்துதான் செத்தாரு."

அவள் மெதுவாகக் கேட்டாள். "போடாம இருந்தா மட்டும் தோண்டிடுவாங்களா?"

"போட்டவன்கிட்ட யாரும் வந்து இன்னான்னு கேக்கல. போடாதவன்கிட்டயாவது ஏன்னு கேப்பாங்கல்ல."

பயிற்சி வகுப்பில் இதற்கெல்லாம் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு மனப்பாடம். அப்பனைப் பறிகொடுத்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை ஒப்பிக்க வாய் வரவில்லை.

மார்ச்சில் ஊர் கூடியது. அம்மன் கோயில் வாசலில் ஊர்த் தலைவர் கோதண்டம் கட்டுப்பாடு சொன்னார். இந்தத் தடவை ஒருவரும் ஓட்டுப் போடக் கூடாது. யார் விரலில் மை தெரிகிறதோ அந்த வீட்டுப் படகு ஒரு வருஷம் கடலில் இறங்கக் கூடாது. தேர்தல் அன்றைக்குக் குப்பத்து முனையில் நின்று விரல் பார்க்கும் வேலையை ஜெகதீசனுக்குக் கொடுத்தார்கள். பொய் சொல்லாத பையன் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாரமே மண்டல அலுவலகத்தில் கூட்டம். நூறு பேர் இருந்த இடத்தில் பெரிய அதிகாரி ஹெப்சிபாவை எழுப்பி நிறுத்தினார். "என்ன டீச்சர், உங்க பூத்துல ஒரு ஓட்டாவது விழுமா, இல்ல மிஷினை அப்படியே திருப்பி வாங்கிக்கலாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரோஷக்காரி. அங்கே அழவில்லை. நேராக மங்கம்மாவிடம் வந்துதான் அழுதாள்.

மங்கம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் முதுகைத் தடவினாள். "அய்வாத கண்ணு. நீ எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு. இதுக்கெல்லாம் அய்வுவியா?"

ஹெப்சிபா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"தெரியாதுன்னு நெனச்சியா? எம் புள்ள மூஞ்சி எனக்குத் தெரியாதா? நீங்க வேதக்காரங்கதான். நானும் வருசா வருசம் மாதா கோயில்ல மெயுகுவத்தி ஏத்துறவதான். எலெக்சன் முடியட்டும். அதுக்கடுத்த ஞாயித்துக்கெயம உங்க வூட்ல வந்து நானே பேசறேன்."

அன்று மாலை ராயபுரத்துக்கு ரயிலில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து காரணமில்லாமல் சிரித்தாள். அவன் இன்னும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை… சொல்லட்டும், சொல்லாமல் எங்கே போய்விடுவான்.

தேர்தல் நாள் வந்தது. வருகிறவர்களுக்கு வாக்காளர் சீட்டு எழுதிக் கொடுக்கப் பள்ளிக்கூட வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு மணி… ஒன்பது… பத்து. காக்காய் கூட வரவில்லை. உள்ளே இருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரர் வேப்பமர நிழலில் தூங்கிவிட்டார். அதிகாரி போனில் கூப்பிட்டு, "சைபர்தானா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த சிரிப்பு அவள் காதில் எரிந்தது.

பதினோரு மணிக்கு, காலிக் கூடையோடு மங்கம்மா வந்தாள். சந்தையிலிருந்து வருகிற மாதிரி, அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டு.

"ஒண்ணு கூட வுயாம நீ தலை குனிஞ்சு நிக்கக் கூடாது. நான் போடறேன்" என்றாள். பிறகு குனிந்து ரகசியமாகக் கேட்டாள். "ஏன் கண்ணு, யாருக்குப் போட்டேன்னு தெரியாதில்ல?"

"யாருக்கும் தெரியாதும்மா."

"இந்த மை… எலுமிச்சம்பயம் போட்டு தேச்சா போயிடும்ல? சாயங்காலந்தான் வூட்டுக்குப் போவேன்."

போகாது. இரண்டு நாளில் போகாது, இரண்டு வாரத்திலும் போகாது. நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும். வீடு வீடாகப் போய் ஓட்டைப் பற்றிப் பேசியவளுக்கு இது தெரியாதா? 'வேண்டாம்மா, திரும்பிப் போங்க' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே அந்த நூறு பேரின் சிரிப்பும் வந்தது.

"போயிடும்மா" என்றாள் ஹெப்சிபா. "தேய்ச்சா போயிடும்."

உள்ளேயிருந்து 'பீப்' என்று மிஷின் நீளமாகக் கத்தியது. மங்கம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். ஹெப்சிபா போனை எடுத்து, "சார், ஒண்ணு விழுந்துடுச்சு" என்றாள்.

ஜெகதீசன் வரும்போது ஐந்தரை மணி. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். மேஜைக்கு எதிரே வந்து நின்றான். போலீஸ்காரர் எட்ட இருந்தார். வேறு யாரும் இல்லை.

"ஓட்டு போட வரல" என்றான். "அம்மா மாட்டிகிச்சு."

அவள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எலுமிச்சம்பயம், மணலு, ப்ளீச்சிங் பவுடரு… எல்லாத்தையும் போட்டுத் தேச்சிருக்கு. தோலு உரிஞ்சு ரத்தம் வந்துகினு கீது. மை மட்டும் அப்டியே கீது. கூடைக்குள்ள கைய வெச்சிகினு வந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டு, ஒண்ணும் இல்ல, போன்னு வுட்டுட்டேன். மாமா என் பின்னாலேயே நின்னுகினு இருந்தாரு."

"யாரு… கோதண்டமா?"

"ம். ஒண்ணும் திட்டல. 'நீயா ஜெகதீ'ன்னு மட்டும் கேட்டாரு." மாறிப் போட்டிருந்த பொத்தானைத் திருகினான். "படகு ஒரு வருசம் கரையிலதான். யாரு உன்னை போவச் சொன்னதுன்னு அம்மாவ ஊரே சுத்தி நின்னு கேட்டுச்சு. யாரும் சொல்லல, நானாத்தான் போனேன்னு சொல்லிடுச்சு."

ஹெப்சிபா குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ அய்வாத. உனக்கு இன்னா தெரியும், உனக்காகத்தான் போயிருக்கும், அது அப்டித்தான்." முதல் தடவையாக 'நீ' என்றான். "ஞாயித்துக்கெயம சொன்ன மாதிரி வர்றோம். படகு இல்லன்னா இன்னா, துறைமுகத்துல மூட்டை தூக்கியாவது சோறு போடுவேன். எனக்கு உன்னைப் புடிச்சிருக்கு ஹெப்சி. அன்னைக்கு மயையில நனைஞ்சிகினு நின்னப்பவே புடிச்சிது. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மூன்று மாதமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தாள். இதோ, வந்துவிட்டது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் பேசாமல் இருப்பது மட்டும்தான். மங்கம்மா சாகிற வரைக்கும் சொல்ல மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வருவார்கள். அப்புறம் அந்த வீட்டில், அந்த விரல் பரிமாறுகிற சோற்றை, தினமும் பிசைந்து சாப்பிட வேண்டும்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"அம்மா கேட்டாங்க. மை போயிடுமான்னு. போவாதுன்னு எனக்குத் தெரியும். போயிடும்னு சொன்னேன். எங்க அதிகாரி போன்ல சைபர்தானான்னு சிரிச்சான்… ஒண்ணாவது விழணும்னு சொல்லிட்டேன்."

அவன் குப்பத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"இன்னொண்ணும் கீது," என்றாள். நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது என்று தெரிந்தது. "யாருக்குப் போட்டாங்கன்னு தெரியாதுன்னு சொன்னேன். அதுவும் பொய்யாப் போயிடும். எண்ணுற அன்னைக்கு பூத் பூத்தா படிப்பாங்க. இந்த பூத்துல ஒரே ஒரு ஓட்டு. அது யாரோடதுன்னு ஊருக்கே தெரியும்."

அவன் திரும்பிக் கேட்டான். "இன்னொரு ஓட்டு, வேற சின்னத்துல வுயுந்தா?"

"எது யாரோடதுன்னு சொல்ல முடியாது."

"அம்மா எதுல அமுக்கும்னு எனக்குத் தெரியும். சீட்டு எயுது."

"ஜெகதீ, ஊருல…"

"படகு போயிடுச்சு. இன்னும் இன்னா போவணும்? எயுது."

எழுதிக் கொடுத்தாள். அப்பன் செத்த மணலுக்காக ஓட்டே போடுவதில்லை என்று இருந்தவன் உள்ளே போனான். மிஷின் கத்தியது. இடது கையைப் பார்க்காமல், அது வேறு யாருடையதோ என்பது போலத் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே வந்தான். மேஜையைத் தாண்டிப் போய்விடுவான் என்று தோன்றியது. அவள் எழுந்து குறுக்கே நின்றாள்.

"எனக்கும் உங்களைப் பிடிக்கும். இப்ப சொல்லக் கூடாது, எனக்கே தெரியுது. ஆனா பிடிக்கும்… ரொம்பப் பிடிக்கும்."

அவன் கண்கள் நிறைந்திருந்தன. துடைத்துக்கொள்ளவில்லை.

"எனக்கும் இப்பவும் புடிச்சுதான் கீது. அதான் பேஜாரு" என்றான். "ஞாயித்துக்கெயம நாங்க வரல. நீயும் அம்மாவப் பார்க்க வராத. கால்ல வுயறேன்னு வராத."

"ஒரே ஒரு தடவை… மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

"நீ வந்தா அது மன்னிச்சிடும். அதனாலதான் சொல்றேன், வராத."

குப்பத்துப் பக்கம் அவன் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆறு மணி ஆகியிருந்தது. உள்ளேயிருந்து தலைமை அலுவலர் எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே டீச்சர், ரெண்டு விழுந்திருக்கே" என்றார்.

ஹெப்சிபா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.