ஏலக்காரரின் குரல்வளை

அறுவை சிகிச்சைக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தபோது அந்தப் பெண் திசுப் பரிசோதனைக் கூடத்தின் கதவைத் தட்டினாள்.

அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை. நோயாளியிடமிருந்து எடுத்த சதைத் துணுக்கை வீட்டார் பாட்டிலில் கொண்டுவந்து, வெளி ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே இருப்பவர்களின் முகம்கூட அவர்களுக்குத் தெரியாது.

"யாரைப் பாக்கணும்?" என்றாள் பயிற்சி மருத்துவர். அடுத்தவர் பேச்சை முடிக்கும் முன் தானே முடித்துவிடும் பழக்கத்தால் அவளுக்குக் கூடத்தில் 'அவசரம்' என்று பெயர். "ரிசல்ட்டா? அதெல்லாம் கீழே..."

"ரிசல்ட் வந்துடுச்சும்மா. அது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

உள்ளிருந்து, "வரச் சொல்லு" என்று குரல் வந்தது. கூடத்தின் தலைமை மருத்துவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

அந்தப் பெண் உட்கார்ந்தாள். அவளுடைய கணவர் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். விடியற்காலையிலிருந்து கத்தினால்தான் மூட்டை நகரும். மூன்று மாதமாகக் குரல் கம்மிவிட்டது. துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். புற்று என்றும், கதிர்வீச்சுக்கு அடங்காத வகை என்றும் சொல்லி, நாளைக்குக் குரல்வளையையே எடுக்கப் போகிறார்கள்.

"அவர் பீடி தொட்டதில்ல. குடிச்சதில்ல. வாயில போட்டு எதையும் மென்னதில்ல. இன்னிக்குக் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு, சத்தமே இல்லாம ஏலம் விட்டுப் பாத்துட்டிருக்கார். பழகிக்கிறாராம்." அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "இன்னொரு தடவை பாருங்க டாக்டரம்மா. உங்க கால்ல வேணா விழறேன்."

"கால்ல விழுந்தா ஸ்லைடு மாறாது. வெளிய உக்காருங்க. பாக்கறேன்."

அவள் வெளியே வந்தாள். அவளுடன் வந்த தம்பி நடையிலிருந்த பெஞ்சில் காத்திருந்தான். பட்டறையிலிருந்து நேரே வந்திருப்பான் போல, புருவத்தில்கூட மரத்தூள். அக்காவுக்குக் காப்பி ஊற்ற பிளாஸ்க்கைச் சாய்த்தான். காப்பி டம்ளருக்கு அரை விரல் தள்ளிப் பெஞ்சில் கொட்டியது.

"நாற்காலி செய்யறவனுக்கே கண்ணளவு போயிடுச்சு," என்று சிரித்தபடி கைக்குட்டையால் துடைக்கப் போனான். மடிப்பில் எதையோ பார்த்துவிட்டு அதைப் பைக்குள் திணித்து, சட்டை நுனியால் துடைத்தான். "ஒண்ணும் ஆகாதுக்கா. மாமா தொண்டை வெங்கலத் தொண்டை. அதுக்கு எதுவும் வராது."

கதவு வழியே அதைக் கவனித்த தலைமை மருத்துவர், ஏலக்காரரின் துணுக்கு பதித்த கண்ணாடி ஸ்லைடை நெடுநேரம் பார்த்தார். பிறகு இடத்தை அவசரத்துக்கு விட்டார்.

மூன்று வருடமாக இந்த மருத்துவமனைக்கு வந்த தலை, கழுத்துப் புற்றுகளைத்தான் அவசரம் ஆராய்ந்துகொண்டிருந்தாள். யாருக்குக் கன்னத்தில், யாருக்கு நாக்கில், யாருக்குக் குரல்வளையில் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"புற்றுதான் மேடம்," என்றாள், வருத்தத்துடன். "சந்தேகமே இல்ல."

"புற்றான்னு நான் கேக்கல. எந்த ஊர்க்காரன்னு கேக்கறேன். உடம்புல எந்த இடத்துல முளைச்சது?"

அவள் மறுபடியும் குனிந்தாள். வளையம் வளையமாகச் சுரப்பிகள். குடலில் வரும் புற்றின் சாயல். கழுத்துக்கு மேலே இந்த முகத்தைப் பார்ப்பது அபூர்வம்.

"இதை ஏழு பேர்கிட்ட பாத்திருக்கேன். ஏழும் மூக்குக்குள்ள, மேல்பக்கம்." சட்டென்று நிமிர்ந்தாள். "குரல்வளைல ஒண்ணுகூட இல்ல."

"அந்த ஏழு பேர் என்ன வேலை பாத்தாங்க?"

"பீடி, சிகரெட்டான்னு கேட்டேன். வேலையைக் கேக்கலையே மேடம்."

"நான் கேட்டேன்," என்றார் தலைமை மருத்துவர்.

அவசரம் பாதி எழுந்துவிட்டாள். "அப்ப ஸ்லைடு மாறிப்போச்சு. அன்னிக்கு வந்த வேற யாரோட சதையோ இது. வார்டுல ஒரு பெரியவர், மூக்குல ரத்தம்னு..."

"அவர் அன்னிக்கு வரலை. கொஞ்சம் பொறு. ஏதோ கருகுது பாரு."

திசுவைப் பதிக்கும் மெழுகை அவசரம் அடுப்பில் மறந்துவிட்டிருந்தாள். ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு அவள் திரும்புவதற்குள் நாற்றம் நடைமுழுக்கப் பரவிவிட்டது. ஜன்னல் குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். ஏலக்காரரின் மனைவிக்குக் குமட்டியது. மெழுகு அறைக் கதவுக்கு மிக அருகில் இருந்தவன் நாற்காலி செய்பவன்தான். அவன் காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் எங்க ஓடறாங்க?" என்றான்.

தலைமை மருத்துவர் வாசலில் நின்று அவனையே பார்த்தார். பிறகு மென்மையாக, "தம்பி, கீழே போய் மாமா எப்படி இருக்கார்னு பாத்துட்டு வாங்க. நாங்க இங்க கொஞ்சம் பேசணும்," என்றார். அவன் படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்து இறங்கியதை அவசரமும் கவனித்தாள்.

ஏலக்காரரின் மனைவியை உள்ளே அழைத்து வந்ததும் அவர் அறுவை மருத்துவரைப் போனில் கூப்பிட்டார். "நாளைக்குக் கத்தி வைக்காதீங்க. ஏலக்காரர் தொண்டைல இன்னிக்கே இன்னொரு துணுக்கு எடுங்க. காரணத்தை நேர்ல சொல்றேன்."

அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கையெடுத்துக் கும்பிட்டாள். தலைமை மருத்துவர் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார்.

"அன்னிக்கு பாட்டிலை இங்க யார் கொண்டுவந்தாங்க?"

"நான்தான். லிஃப்ட் ஓடலை. படியேறி வந்தேன்."

"ஜன்னல்ல என்ன சொன்னாங்க?"

"மருந்துத் தண்ணி பத்தல, இன்னும் ஊத்தணும், திறந்து குடுங்கன்னு. திறந்து குடுத்தேன். ஊத்தினதும் மூடிக் குடுத்தேன்."

"எத்தனை மூடி திறந்தீங்கம்மா?"

கீழே யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போகும் சத்தம் கேட்டது.

"ரெண்டு," என்றாள் கடைசியில்.

அவசரம் அன்றைய பதிவேட்டை இழுத்துப் புரட்டினாள்.

"இன்னொண்ணு என் தம்பியோடது. அடிக்கடி மூக்குல ரத்தம் வருதுன்னான். பட்டறையை விட்டு வரவே மாட்டான். மாமாவுக்குத் துணைக்கு வந்தியே, நீயும் காட்டிடுன்னு நான்தான் வம்பு பண்ணேன். அவனுக்கும் ஒரு துணுக்கு எடுத்தாங்க. வெறும் சதை வளர்ச்சி, பயம் இல்ல, சொட்டு மருந்து போதும்னுட்டாங்க."

தலைமை மருத்துவர் எழுந்து போய், அன்றைய தேதியிட்ட பெட்டியிலிருந்து இன்னொரு ஸ்லைடை எடுத்துவந்தார். "மூக்குன்னு எழுதின துணுக்கு. மேல்தோலைப் பாரு அவசரம். முடி இருக்கா?"

மூக்கின் உட்தோலில் புல்தரை மாதிரி நுண்முடிகள் நிற்க வேண்டும். இதில் ஒன்றும் இல்லை. வழவழப்பான, அடுக்கடுக்கான தோல். அடியில் ஒரு சாதுவான வீக்கம்.

"குரல்நாண்," என்றாள் அவசரம். "கத்திக் கத்தி வந்த காய்ப்பு."

"நம்ம ஆளுங்க பேரைப் பிளாஸ்திரியில எழுதி மூடில ஒட்டறாங்க. பாட்டில்ல ஒட்டணும். ஆயிரம் தடவை சொல்லியாச்சு. மூடி மாறினா மனுஷனே மாறிடறான். இடத்தைச் சீட்டுல எழுதிட்டா அப்புறம் யாரும் அதைச் சந்தேகப்படறதில்ல." அவர் குரல் தாழ்ந்தது. "நீ சொன்ன ஏழு பேர்ல ஆறு பேர் மர வேலைக்காரங்க. ராவின தூளை வருஷக்கணக்கா மூச்சுல இழுத்தவங்க. உங்க தம்பிக்கு மெழுகு கருகற நாத்தமே தெரியல. ஒரு டம்ளர் ரெண்டா தெரியுது. அதான் காப்பி கொட்டிச்சு, அதான் படியைத் தடவறார். கட்டி கண்ணைத் தள்ள ஆரம்பிச்சிருக்கு. அவர்கிட்டயும் இன்னிக்கே துணுக்கும் ஸ்கேனும் எடுக்கச் சொல்றேன். ஆனா எனக்குச் சந்தேகம் இல்லம்மா. மூணு வாரம் போயிடுச்சு. இன்னும் ஒரு நாள்கூட விட முடியாது."

ஏலக்காரரின் மனைவி தன் இரு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவருக்கு இல்லன்னு சொன்னா போதும்னு வந்தேன்," என்றாள். "அப்ப வேற யாருக்குன்னு யோசிக்கவே இல்ல."

படியில் காலடி கேட்டது. மெதுவாக, தடவித் தடவி.

"நான் சொல்றேன்," என்றார் தலைமை மருத்துவர்.

"வேணாம். சொட்டு மருந்து போதும்னு அவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனவ நான். அவனை வளத்தவளும் நான்தான்."

நாற்காலி செய்பவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சிரைத்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, ஆபரேஷன் நாளைக்கு இல்லையாம். நர்ஸ் சொன்னாங்க. மாமா எழுந்து உக்காந்துட்டார். அப்ப அவருக்கு ஒண்ணும் இல்லதானே?"

"அவருக்கு ஒண்ணும் இல்லடா. பாட்டில் மூடி மாறிப்போச்சு."

"நான் அப்பவே சொன்னேன்ல, வெங்கலத் தொண்டைன்னு." அவன் பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கை ஒற்றினான்; பிறகு அக்காவின் முகத்தைக் கவனித்தான். "அப்புறம் ஏன்க்கா அழறே? அந்தக் கட்டி யாருதாம்?"

அவள் எழுந்து வந்து அவன் புருவத்திலிருந்த மரத்தூளை முந்தானையால் துடைத்தாள்.

"உன்னுதுடா," என்றாள்.