நகம் பட்ட இடம்

அந்தத் தக்காளிச் செடியில் ஓர் இலைகூடப் பழுக்கவில்லை, ஒரு புள்ளி விழவில்லை. நேற்றுவரை காய் பிடித்து நிமிர்ந்து நின்றது, இன்று பச்சை மாறாமல் அப்படியே தலையைத் தொங்கப் போட்டிருந்தது. மாரித்தாய்க்கு அது சரியாகப் படவில்லை.

தீபாவளி முடிந்தும் பட்டாசுக் கம்பெனி திறக்காததால், ஆனைக்குட்டத்தில் புருஷன் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் அவளும் இறங்கியிருந்தாள். சரவெடி பின்னிப் பழகிய விரலுக்குக் கத்தி எதற்கு? பக்கக் கிளைகளை நகத்தாலேயே கிள்ளி எறிந்துகொண்டு வரிசை வரிசையாகப் போனாள். தன் வேகத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

விவசாய ஆபீசர் செல்வக்குமார் வந்து, வாடிய தண்டை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டார். வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு நூல் மெல்ல இறங்கியது.

"இந்த நூல் பாக்டீரியா, அக்கா. செடிக்கும் காவல் உண்டு. கிருமி நுழைஞ்சா உள்ளுக்குள்ள கூப்பாடு போடும், நுழைஞ்ச இடத்தைத் தானே கருக்கிக் கிருமியைச் சாகடிக்கப் பாக்கும். இது அந்தக் கூப்பாட்டையே அமுக்கிரும். நோவு வந்ததே செடிக்குத் தெரியாது."

"மருந்து இருக்கா சார்?" என்றான் அவள் புருஷன் இசக்கிப்பாண்டி.

"பிடுங்கி எரிச்சிருங்க. கிளையை எதுல கிள்ளுனீக?"

"நகத்துலதான் சார்," என்றாள் மாரித்தாய். "எல்லா வரிசையும்."

அவர் குனிந்து அவள் நகங்களைப் பார்த்தார்.

பொழுது சாயும்போது தோட்டமே தலை தொங்கிக் கிடந்தது. வீட்டுக்குள் தக்காளி இலையின் கார வாடை, தகரத்தில் மழை சொட்டும் சத்தம், மழையில் எரிக்க முடியாமல் மூலையில் பிடுங்கிப் போட்ட செடிகளின் நிழல். எல்லாம் இருந்தும் ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று பிடிபட வெகுநேரமாயிற்று. தொட்டிலில் கிடந்த கைப்பிள்ளை மத்தியானத்திலிருந்து அழவேயில்லை.

"ஏங்க, பாப்பா பாலுக்குக்கூட அளலீயே."

"முளிச்சுத்தான கெடக்கா? நல்லதுதான், விடு," என்று சொல்லிவிட்டு இசக்கிப்பாண்டி கிணற்றடிக்குப் போனான்.

குழந்தையின் கன்னத்தில் கொசு உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை முகத்தைச் சுளிக்கவில்லை. உடம்பு சுடவில்லை. கழுத்து மட்டும் ஒரு பக்கமாகத் தொங்கியது.

அழு தாயி. ஒரே ஒரு தடவை.

தொடையில் கிள்ளினாள். பலமாக. பிள்ளை வீறிடவில்லை. நகம் பட்ட இடம் சிவக்கவும் இல்லை.

மாரித்தாய்க்கு ஆபீசரின் தம்ளர் நினைவுக்கு வந்தது. பார்க்கக் கூடாது என்று மனசு சொன்னது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அண்டாத் தண்ணீரில் பிள்ளையின் காலை மெல்ல இறக்கினாள்.

நகத் தடத்திலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது.

புருஷனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பயமும் அமுங்கிவிட்டது. எதற்குக் கூப்பிட நினைத்தோம்? தெரியவில்லை. தண்ணீருக்குள் அவள் விரல் நுனியிலிருந்தும் ஒரு நூல்.

பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தது.

அவளும் சிரித்தாள்.