இருபத்தாறு கவலை

"கவலைல இருக்கிற பிள்ளைங்க எந்த வகுப்பு?"

மழைக்குப் பயந்து தலைதெறிக்க உள்ளே ஓடி வந்தவன் கேட்ட முதல் கேள்வி இதுதான். அதுவும் மோதிவிட்டு! யசோதராவின் கையிலிருந்த சார்ட்டுகள் எல்லாம் வராந்தாவில் சிதறிக் கிடக்கின்றன... இந்த மனுஷனுக்கு ஒரு 'ஸாரி' கூட வாயில் வரவில்லை.

திட்டத்தான் நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் திட்ட மறந்தாள். மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்த அந்த இமைகளுக்குள்ளே அத்தனை பயம்... யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று பதறி ஓடி வந்தவனின் கண்கள். பெரிய கண்கள் வேறு. சே, இப்போது அதுவா முக்கியம்?

"ஸாரிங்க டீச்சர்," என்று குனிந்து சார்ட்டுகளைப் பொறுக்கினான். "நான் இசக்கிப்பாண்டி. சிறுவர் இணைய நூலகத்துல இருந்து வாரேன்."

ஓ... அந்த ஆள் இவன்தானா?

அந்த இணைய நூலகத்துக்காக அவள் ஒரு வருஷம் அலைந்திருக்கிறாள். ஒரு சொல்லைத் தட்டினால் போதும், படமும் கட்டுரையுமாக பக்கம் பக்கமாய் வரும். யாரோ கொடுத்த ஆறு பழைய கம்ப்யூட்டர்களை வைத்து, அவளுடைய நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் தேடக் கற்றுக்கொண்டு ரெண்டு வாரம்தான் ஆகிறது. நேற்று திங்கட்கிழமை காலையில் தலைமை ஆசிரியை தேவப்பிரியம் அந்த அறையைப் பூட்டிவிட்டார். "நூலகத்துல இருந்து எச்சரிக்கை வந்திருக்கும்மா. ஆள் வந்து பார்த்து அறிக்கை குடுத்தாத்தான் தொறப்பேன்." வெள்ளிக்கிழமை 'எங்க ஊரு மீன்' கண்காட்சி. அறிக்கை தப்பாகப் போனால் கண்காட்சியும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. ஆறும் அட்டைப்பெட்டிக்குள் போய்விடும்.

"மனநல ஆலோசகர்தான் வரணும். அவங்க லீவு. நான் தேடல் பதிவைப் படிக்கிறவன். வீடு ராயபுரம், பக்கம்தானேன்னு என்னை அனுப்பிட்டாங்க." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தவன் குரலைத் தாழ்த்தினான். "டீச்சர், உங்க வகுப்புல இருந்து ஒரே நாள்ல இருபத்தாறு தடவை 'கவலை'ன்னு தேடியிருக்காங்க. கேளுங்க... 'கவலை ஏன் சாவுது'. 'கவலை எம்மா நாள் வாழும்'. 'கவலை கண்ணு ஏன் செவக்குது'..." தாளை அவளிடம் நீட்டினான். "ஒம்பது வயசுப் பிள்ளைங்க டீச்சர். அழுது அழுது கண்ணு செவந்து..."

யசோதரா அவனைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்... அவ்வளவுதான். சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"செங்கொடி! இங்க வாம்மா. கவலைன்னா இன்னான்னு சாருக்குச் சொல்லு."

ரெட்டைப் பின்னலோடு ஓடி வந்த செங்கொடி, இதுகூடத் தெரியாதா என்பது போல் அவனைப் பார்த்தாள். "மீனு சார்! எங்கம்மா கூறு கட்டி விக்கும். நல்ல கவலைன்னா கண்ணு பளபளன்னு கீதும். பழசாச்சுன்னா செவந்துக்கும். அது ஏன்னுதான் தேட்னேன். உங்க கம்ப்யூட்டரு 'மனதை லேசாக வைத்திருங்கள்'னு சொல்லிகினு கீது!"

இசக்கிப்பாண்டி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "மீனா...? அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்துச் சிரித்தான். கன்னத்தில் குழி விழுந்தது. அது அழகாக வேறு இருந்து தொலைத்தது.

அதோடு விட்டிருக்கலாம். விட்டானா?

"நல்ல தமிழ்ல டைப் பண்ணச் சொல்லிக் குடுத்திருந்தா இவ்வளவு அலைச்சலே இல்லையே டீச்சர்."

யசோதராவின் சிரிப்பு பட்டென்று நின்றது.

வியாசர்பாடியில் பிறந்து, அந்தப் பேச்சிலேயே வளர்ந்து, அதற்காகக் கல்லூரியில் கேலியை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். இந்தப் பிள்ளைகளையாவது யாரும் அப்படிக் கேலி பேச விடக்கூடாதென்றுதானே இந்த வேலைக்கே வந்தாள்!

"எது சார் நல்ல தமிழு? எங்க தமிழ்ல இன்னா கொற கீது? உங்க ஊர்ல இந்த மீனுக்கு இன்னா பேரு?"

"நாங்க தூத்துக்குடிப் பக்கம். சாளைன்னு சொல்லுவோம்."

"அத்த அடிங்க பார்ப்போம்."

அவன் தன் லேப்டாப்பைத் திறந்து 'சாளை' என்று கெத்தாகத் தட்டினான். திரை யோசித்தது. 'முடிவுகள் இல்லை. வேறு சொல்லில் தேடிப் பாருங்கள். நீங்கள் தேடுவது: சாலை?' கீழே சாலைப் பாதுகாப்பு விதிகள் பத்து வரிசையாக வந்து நின்றன.

"சாரோட மீனு ரோட்ல போவுது டீச்சர்!" என்று செங்கொடி கத்த, ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்த வகுப்பே கொல்லென்று சிரித்தது.

அவன் முகம் கறுத்துப்போயிற்று. லேப்டாப்பை மூடினான். "வாரேன் டீச்சர்," என்றவன், திரும்பிக்கூடப் பார்க்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டான்.

போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ... அறிக்கை அவன் கையில் அல்லவா இருக்கிறது! கோபத்தில் எதையாவது எழுதிக் கொடுத்துவிட்டால்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா யசோதரா? புதன், வியாழன் ரெண்டு நாளும் சோறு இறங்கவில்லை. பூட்டைப் பார்த்தால் பயம். கண்ணை மூடினால்... அந்த மழைத்துளி இமைகள். இது என்னடா பேஜார்!

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். கம்ப்யூட்டர் அறை திறந்திருந்தது. ஆறு திரையும் எரிந்துகொண்டிருந்தன. தேவப்பிரியம் அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்.

'இந்தப் பள்ளிக் குழந்தைகளிடம் எந்தக் குறையும் இல்லை. இருபத்தாறு அருமையான கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் ஊர்ச் சொல் நம் நூலகத்துக்குத் தெரியவில்லை. தவறு நம்முடையது. திருத்தியிருக்கிறேன். – இசக்கிப்பாண்டி.'

"டீச்சர்! வந்து பாருங்க!"

செங்கொடி 'கவலை' என்று தட்டினாள். வெள்ளியாய் மினுமினுத்துக்கொண்டு மீன் வந்தது! 'கவலை. சில ஊர்களில் சாளை, சூடை என்றும் அழைப்பார்கள்.' அதன் கீழே கண் ஏன் சிவக்கிறது என்பது வரை பதில். யசோதராவுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொண்டாள்.

"அந்த சாரு புதன்கெயம காசிமேட்ல எங்கம்மா கைல வந்து மீன் பேரெல்லாம் கேட்டு எய்தினு போனாரு டீச்சர். நாப்பது மீனு பேரு! ஒரு கூறு கூட வாங்கல," என்றாள் செங்கொடி.

"எந்த சாரு?"

செங்கொடி வாசலைக் காட்டினாள். அங்கே... நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அடி வாங்க வந்தவன் மாதிரி அவன் நின்றுகொண்டிருந்தான்.

கண்காட்சி முடிந்து பிள்ளைகள் கூச்சலோடு சாப்பிடப் போனார்கள். அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். வெளியே மறுபடி தூற ஆரம்பித்திருந்தது.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு டீச்சர். மன்னிச்சுக்கிடுங்க. காலேஜ்ல என் பேச்சையும் ஒருத்தன் கிண்டல் பண்ணினான். எப்படி வலிச்சுதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே உங்ககிட்ட அதையே செஞ்சுட்டேன்."

"நானும்தான் பசங்க முன்னால உங்கள அசிங்கப்படுத்திட்டேன். ரெண்டு நாளா சோறே எறங்கல, தெரியுமா?"

"அறிக்கைய நினைச்சா?"

அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே திரையைப் பார்த்தாள். அவன் மெதுவாக உட்கார்ந்தான். தேடல் பெட்டியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான்.

'யசோதராவுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா?'

'முடிவுகள் இல்லை. வேறு சொல்லில் தேடிப் பாருங்கள்.'

"ஐயய்யோ! இன்னா சார் இது, இதெல்லாம் நாலாம் கிளாஸ் பேர்ல பதிவாவுமே! உங்க ஆபீஸ்ல யாராச்சும் படிச்சா?"

"படிக்கிறவனே நான்தான்," என்றான் அவன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். காது நுனி வரை சிவந்திருந்தது. "செவ்வாய்க்கெழமை நீங்க சுவரைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சியளே... அப்பவே எனக்குப் பிடிச்சுப் போச்சு. அதான் கேக்கேன். ஆனா கம்ப்யூட்டருக்குத் தெரியலையே..."

யசோதராவுக்குக் கன்னம் சுட்டது. சிரிப்பை உதட்டுக்குள்ளேயே மடக்கிக்கொண்டாள்.

"அதான் சொல்லுதே சார். வேற வார்த்தைல தேடுங்க."

அவன் நோட்டைப் புரட்டினான். நாற்பது மீன் பெயர்களுக்கு அடுத்த பக்கத்தில் எதையோ எழுதி வைத்திருந்தான் போலும். அதைப் பார்த்துப் பார்த்து, ஒற்றை விரலால் தட்டினான்.

'என்னிய புட்ச்சிகீதா?'

என்டரை அவன் அழுத்தவில்லை. அதற்குள் அவள் கை அவன் கைமேல் வந்துவிட்டது.

"புட்ச்சிகீது," என்றாள் யசோதரா.