பேனரிலிருந்து எடுத்த முகம்

பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் பின்னால் இருந்த பழைய வீட்டின் மாடிக்குக் கவிப்பிரியா சாப்பிட்டுவிட்டு ஏறியபோது, அழுகிய தக்காளியின் புளித்த வாடையோடு இன்னொரு வாடையும் மூக்கில் ஏறியது. பிளீச்சிங் பவுடர்.

"ரூமைக் கழுவுனீங்களாண்ணா?"

"இந்த ரூம் கட்டுன நாள்லேருந்து தண்ணியே பாக்கலம்மா," என்றான் தங்கராஜ், ஃபோனிலிருந்து தலை தூக்காமல். "புது அக்கவுண்ட்டுக்கு முகம் கொண்டாந்தியா?"

கொண்டுவந்திருந்தாள். சுவரோரப் பலகையில் வரிசையாக நின்ற ஃபோன்களில் கட்சிக்காகப் பேசுகிறவர்கள் எல்லோருமே செத்தவர்கள். ஊர் ஊராகக் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனர்களைப் படம் பிடித்து, முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, வேறு பெயர் சூட்டிவிடுவார்கள். செத்தவர்கள் புகார் கொடுக்க வரமாட்டார்கள் என்பது தங்கராஜின் கணக்கு. வீட்டில் அவள் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லிவைத்திருந்தாள்.

இன்றைய முகம் பாப்பாரப்பட்டிப் பாதையில் கிடைத்தது. பஸ் ஜன்னலிலிருந்து எடுத்ததால், பெயர் இருந்த இடத்தைப் புளியங்கிளை மறைத்துவிட்டது. பெயர் யாருக்கு வேண்டும்? நரைத்த மீசை, காக்கிச் சட்டை, கொஞ்சம் கூச்சமான சிரிப்பு. 'தமிழ்நேசன்' என்று பெயர் வைத்தாள்.

தங்கராஜ் அன்றைக்குப் பதிவிட வேண்டிய வாசகத்தை அனுப்பினான். எல்லா ஃபோன்களும் அதையே எழுதின.

தமிழ்நேசன் மட்டும் வேறு எழுதினார்.

'தண்ணியில ஒண்ணும் கலக்கலீங்க. நான் குடிச்சே காட்டறேன்.'

கவிப்பிரியா அந்த ஃபோனைத் தொடவேயில்லை.

போன மாதம், 'எதிர்க்கட்சிக்காரன் பேச்சைக் கேட்டு டேங்க் ஆபரேட்டர் ராஜப்பன் குடிதண்ணீரில் விஷம் கலந்ததை என் கண்ணால் பார்த்தேன்' என்று எழுதியவள் அவள்தான். செத்த முகங்கள் எல்லாம் அதைப் பரப்பின. பொழுது சாய்வதற்குள் ஊர் திரண்டு அந்த மனுசனைத் தொட்டி மேலேயே துரத்தி ஏற்றியது. அங்கிருந்து விழுந்து செத்தார். அவர் கலந்தது வழக்கமாகப் போடும் பிளீச்சிங் பவுடர்தான்.

அவளுக்குப் பெயர்தான் தெரியும். முகம் தெரியாது.

"அண்ணா... இவரு யாருன்னு பாருங்க."

கட்சி மாலையோடு அந்தச் சாவுக்குப் போய்வந்தவன் தங்கராஜ். பார்த்ததும் குரல் இறங்கிப்போனது. "அடிப்பாவி, இவரையா கொண்டாந்த? அழிச்சுடு."

அழித்தாள்.

திரும்பி வந்தது.

குழாயே இல்லாத சுவருக்குள் எங்கோ தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது.

"நான் எழுதுனது யாருக்கும் தெரியாதில்லண்ணா?" என்று கிசுகிசுத்தாள்.

"இந்த ரூமைத் தாண்டாது."

பலகையிலிருந்த ஃபோன்கள் எல்லாம் ஒருசேர ஒளிர்ந்தன.

'கவிப்பிரியா தண்ணித் தொட்டியில விஷம் கலந்தத என் கண்ணால பார்த்தேன்.'

எழுதியவர் தமிழ்நேசன். கீழே அவளுடைய சொந்தப் படம். மற்ற செத்தவர்கள் சளைக்காமல் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். உயிரோடிருப்பவர்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்: 'எந்த ஊருக்காரி?' 'இப்ப எங்க இருக்கா?' 'மண்டிக்குப் பின்னால, மாடி வூடு.'

தங்கராஜ் செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினான்.

'நான் இல்லீங்க' என்று எழுதினாள். உடனே ஒரு சிரிக்கும் எமோஜி வந்து விழுந்தது. ராஜப்பன் அன்று இதே வார்த்தையை எழுதியபோது, முதல் சிரிப்பைப் போட்டவள் அவள்.

மண்டிப் பக்கமிருந்து ஆட்களின் கூச்சல் நெருங்கியது. கதவைச் சாத்த ஓடினாள். தாழ்ப்பாள் கையில் நிற்காமல் வழுக்கியது.

குனிந்து பார்த்தாள்.

இரண்டு உள்ளங்கையிலும் பிளீச்சிங் பவுடர், வெள்ளை வெளேரென்று.