மாடியில் பூத்த கடுகு

மாடியிலிருந்த பூசணிக் கொடியில் இன்றும் ஒரு பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கிக் கிடந்தது. சுத்தக்காரி தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

மகளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது அப்பா. கூட்டிப் பெருக்கித் துடைத்தால்தான் அவளுக்குச் சோறே இறங்கும்.

கொடியை நட்டது அம்மா. நட்ட கையோடு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லியும் அம்மா கட்டிலை விட்டு இறங்கவில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள்.

"பிஞ்சு நின்னுச்சாடி?" என்று மட்டும் கேட்பாள்.

"இல்லம்மா."

இப்போதெல்லாம் அதையும் கேட்பதில்லை. 

கொடிக்குத் தண்ணீர், உரம் எதிலும் சுத்தக்காரி குறை வைக்கவில்லை. அம்மா விழுந்த மறுநாளே மாடியில் களைகளையும், பூத்துப்போன துளசி, கொத்தமல்லிச் செடிகளையும் பிடுங்கியெறிந்து பளிச்சென்று ஆக்கியிருந்தாள்.

ஒரு காலையில் காய்கறி வாங்கப் போனாள். தள்ளுவண்டியில் ஒரு கொத்தமல்லிக் கட்டு பூத்திருந்தது. பூவில் ஒரு தேனீ.

"அத எடுக்காத பாப்பா, பூத்துப்போச்சு," என்றார் வண்டிக்காரர்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தைத் தேனீதான் சுமக்க வேண்டும். பள்ளியில் படித்ததுதான். மாடியில் தேனீயைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? அவை தேடி வந்த பூக்களைப் பிடுங்கியெறிந்தது யார்?

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே," என்று வண்டிக்காரர் விழித்தார்.

அன்று மாலை அப்பா அடுக்களையில் டப்பாவைத் தட்டிப் பார்த்தார். "கடுகு எங்க போச்சு?"

"மாடியில தூவிட்டேம்பா."

"அங்க யாருக்குச் சமைக்கப் போற?"

"தேனீக்கு."

அப்பா சிரித்தார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

கடுகு வளர்ந்தது. அதற்குள் கொடிக்கு வயதாகிவிட்டது. இலைகள் வெளுத்தன. பிஞ்சுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருந்தன.

"விட்டுடும்மா, இது இனி தேறாது," என்றார் அப்பா. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

கடுகு பூத்தபோது கொடியில் ஆண் பூக்கள் சில இருந்தன; பெண் பூ ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

விடிந்ததும் மாடிக்குப் போனாள். கடுகுப் பூவெங்கும் தேனீக்கள். பூசணிப் பக்கம் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும்.

"இங்கயும் வாயேன்," என்று கெஞ்சினாள்.

வெகுநேரம் கழித்து ஒரு தேனீ ஆண் பூவுக்குள் இறங்கியது. உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு வெளியே வந்தது. அங்கும் இங்கும் சுற்றிவிட்டுப் பெண் பூவுக்குள் நுழைந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சில நாட்கள் பயந்து பயந்துதான் பார்த்தாள். பிஞ்சு மஞ்சளாகவில்லை. பச்சையாகவே இருந்து, எலுமிச்சையைவிடப் பெரிதாகிவிட்டது.

கீழே ஓடிவந்து கட்டிலருகே நின்றாள். "அம்மா, ஒண்ணு நின்னுடுச்சு."

"சும்மா சொல்லாதடி."

"நெசமாம்மா. பறிச்சா போயிடும். கொண்டுவந்து காட்ட முடியாது."

 அம்மா மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினாள்.

"என் செருப்பு எங்கடி?" என்றாள்.